சோறு வேண்டாம், பிஸ்கட் வேண்டும்: வீட்டுக்கு வீடு நடக்கும் பஞ்சாயத்து

ராத்திரி எட்டு மணிக்குப் பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறினால் மாடிக்கு மாடி ஒரே வசனம்தான் கேட்கும். "இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு." ஒரு வீட்டில் நிலாவைக் காட்டி, ஒரு வீட்டில் பூச்சாண்டியைச் சொல்லி, மற்ற எல்லா வீட்டிலும் போனைக் காட்டி. எங்கள் வீட்டிலும் இரண்டு வருஷம் இதே கதைதான். என் மகன் தயிர் சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பான். சரி போ என்று கை கழுவிவிட்டால், பத்தாவது நிமிஷம் சமையலறை வாசலில் வந்து நிற்பான். "அம்மா, பிஸ்கட்."

சாப்பாட்டில் அடம் பிடிப்பது ஒரு தொல்லை, ஓயாமல் கொறிப்பது இன்னொரு தொல்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாவதற்குப் புதுப் புது சமையல் குறிப்பு தேடினேன். இரண்டாவதற்கு டப்பாவை மேல் பரணில் ஒளித்தேன். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று பிறகுதான் புரிந்தது. அதை முதல் குழந்தை வளர்ப்பவர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பிள்ளைக்கு நிஜமாக எவ்வளவு சாப்பாடு வேண்டும்? பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ ஒன்பது கிலோவைத் தொடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் ஆறு கிலோ. அடுத்த ஒரு வருஷம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்கு அப்புறம் வருஷத்துக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். ஒரு வயதில் கிண்ணம் கிண்ணமாகப் பருப்பு சாதம் சாப்பிட்ட குழந்தை இரண்டு வயதில் நாலு வாயோடு எழுந்து ஓடுவது இதனால்தான். "கொழுக்கு மொழுக்குன்னு இருந்த புள்ளை, யார் கண்ணு பட்டுச்சோ" என்று என் மாமியார் மிளகாய், உப்பு சுற்றிப் போட்டார். திருஷ்டி போயிருக்கலாம். பசி திரும்பவில்லை, திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

இதோடு இன்னொன்று சேர்ந்துகொள்ளும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புது உணவைக் கண்டால் ஒரு பயம் வருகிறது. நேற்று வரை தின்ற கத்தரிக்காயையே, இன்று வேறு மாதிரி நறுக்கியிருந்தால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். உப்புமாவில் கடுகைக் கண்டால் எறும்பு என்பார்கள். நடக்கப் பழகிய குழந்தை கண்ட இலையையும் காயையும் வாயில் போட்டுவிடாமல் இருக்க உடம்பே வைத்துக்கொண்ட காவல் இது என்று ஒரு விளக்கம் உண்டு. கசப்பும் பச்சை நிறமும் முதலில் மாட்டிக்கொள்வதற்கு அது பொருந்துகிறது. எப்படியானாலும், இது உங்கள் வளர்ப்பில் வந்த கோளாறு கிடையாது. வயதின் குணம். பெரும்பாலும் வயதோடு போய்விடும்.

ஆக, பசி கொஞ்சம், சந்தேகம் நிறைய. இந்த நிலைமையில் அந்தக் கொஞ்சப் பசியை யார் தின்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒருநாள் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எழுந்ததும் ஒரு டம்ளர் பால், சர்க்கரையும் சத்துப் பவுடரும் போட்டது: ஏறத்தாழ 170 கலோரி. பதினோரு மணிக்கு அழுதான் என்று நாலு மேரி பிஸ்கட்: 100. மதியம் சரியாகச் சாப்பிடவில்லையே என்று மூன்று மணிக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி ஜூஸ்: 80. சாயங்காலம் மறுபடி பால்: 170. ஆறு மணிக்குத் தாத்தாவோடு நடக்கப் போனபோது தெருமுனைப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியதில் ஒன்று, 30 கிராம் சிப்ஸ்: 160. கூட்டினால் 680. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,100 கலோரி போதும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதாவது என் பிள்ளை 60 சதவீதத்தைச் "சாப்பிடாமலே" முடித்துவிட்டிருந்தான். மிச்சத்தில் ஒரு பகுதியை ஒன்றரை இட்லியும் மதியம் கால் கிண்ணம் சாம்பார் சாதமும் நிரப்பிவிட்டன. ராத்திரி எட்டு மணிக்கு நான் கிண்ணத்தோடு துரத்தியது பசியே இல்லாத ஒரு மனிதனை.

அவன் சாப்பிடாதவன் இல்லை. தவணை முறையில் சாப்பிட்டு முடித்தவன்.

இந்தச் சக்கரம் சுற்றும் விதத்தைக் கவனியுங்கள். வேளைச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை, நமக்கு மனசு கேட்கவில்லை, கையில் எதையாவது கொடுக்கிறோம், வயிறு பாதி நிரம்புகிறது, அடுத்த வேளையும் சாப்பிடவில்லை. பிள்ளையும் சீக்கிரம் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: சோற்றை மறுத்தால் அதைவிட நல்லது ஒன்று வரும். கேட்டால் கொடுக்கிற கடைக்காரர் வீட்டிலேயே இருக்கும்போது யார்தான் கீரை தின்பார்கள்?

யார் வேலை எது

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் 1980-களில் ஒரு எளிய பங்கீட்டை முன்வைத்தார். உலகம் முழுக்கக் குழந்தை மருத்துவர்களும் ஊட்டச்சத்து நிபுணர்களும் இன்றும் எடுத்துச் சொல்லும் பங்கீடு அது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம், இந்த மூன்றும் பெற்றவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, சாப்பிட்டால் எவ்வளவு, இந்த இரண்டும் பிள்ளையின் பொறுப்பு. அவ்வளவுதான். நம் வீடுகளில் இது நேர்மாறாக நடக்கிறது. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதைப் பிள்ளை சொல்கிறது. எத்தனை வாய் என்பதை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கேட்கும்போது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் நிலாச் சோற்றை நினைத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் பாட்டி ஒரே சட்டியில் சாதத்தைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பேரப்பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு உருண்டை வைப்பாள். என்ன குழம்பு என்று யாரும் கேட்க முடியாது. வாயில் போட்டுக்கொள்வது அவரவர் வேலை. இன்னும் வேண்டும் என்றால் கை நீட்ட வேண்டும், போதும் என்றால் எழுந்து போகலாம். ஐந்து பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தன் பின்னால் மட்டும் கிண்ணத்தோடு ஓட எந்தப் பாட்டிக்கும் நேரம் இருந்திருக்காது.

"பிள்ளைக்கு என்ன தெரியும், விட்டால் எதுவுமே சாப்பிடாதே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1926-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை தொடங்கினார். பால் மறந்துகொண்டிருந்த 15 குழந்தைகள். ஆண்டுக்கணக்கில் நடந்தது. மொத்தம் 34 வகை உணவு. ஒவ்வொரு வேளையும் அவற்றில் பலவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் குழந்தை முன்னால் வைப்பார்கள். தாதி கையில் ஸ்பூனோடு சும்மா உட்கார்ந்திருப்பார். குழந்தை கை காட்டினால்தான் ஊட்டலாம், "இதைச் சாப்பிடேன்" என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக, ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் சம்பந்தமே இல்லாமல் தின்றது. ஆனால் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. இதைப் படித்துவிட்டு "அப்போ பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுடலாம்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த 34-ல் சர்க்கரையும் இல்லை, ஆலையில் செய்த தின்பண்டமும் இல்லை. பட்டியலைப் போட்டது டாக்டர். அதிலிருந்து எடுத்தது குழந்தை. டேவிஸ் 1939-ல் இதைப் பற்றி எழுதியபோது, சூட்சுமமே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லியான் பிர்ச் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது மட்டும் "சூப்பை முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்லாமல் விட்ட சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். சொல்லிச் சொல்லிக் கொடுத்த சூப்பைப் பற்றி நிறையக் குறையும் சொன்னார்கள். "கேரட் தின்றால் சாக்லேட்" என்ற பேரமும் இதே ரகம். கேரட் என்பது ஒரு தண்டனை, அதைத் தாண்டினால் கிடைப்பது சாக்லேட் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். டப்பாவைப் பூட்டி வைப்பதும் உதவாது. பூட்டிய பண்டத்தின் மேல்தான் ஆசை அதிகமாகும். வாங்காமல் இருப்பது வேறு, கண் முன்னால் வைத்து மறுப்பது வேறு.

கடிகாரம்

கொறிப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சின்ன வயிறு, மூன்று வேளை மட்டும் போதாது. மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி தேவைதான். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் இரண்டரை, மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். எங்கள் வீட்டில் காலை எட்டு, பதினொன்று, ஒன்றரை, நாலரை, ஏழரை. பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகிவிடாது.

மூன்று வயதுக்கு மணி பார்க்கத் தெரியாது. "நாலரைக்குத் தருகிறேன்" என்பது அவனுக்கு "தர மாட்டேன்" மாதிரிதான் கேட்கும். அதனால் கடிகாரத்துக்குப் பதில் ஆட்களையும் வேலைகளையும் வைத்தோம். தூங்கி எழுந்து முகம் கழுவியதும் தீனி. பாட்டி சீரியல் ஆரம்பித்ததும் சோறு. நடுவில் கேட்டால், கோபப்படாமல், விளக்கம் சொல்லாமல், "முகம் கழுவினதும்". ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லியிருப்பேன். இருபதாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு.

தீனியில் என்ன வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதை மிட்டாய் வேளையாகப் பார்க்காமல் குட்டிச் சாப்பாடாகப் பாருங்கள். வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முட்டை, நன்றாக வேகவைத்து மசித்த சுண்டல், வெல்லமும் தேங்காயும் போட்ட அவல், நெய் தடவிய கேழ்வரகு அடை, காலையில் மிஞ்சிய இட்லியைத் துண்டாக்கிப் பொடியில் புரட்டியது, கொய்யா, பூவன்பழம். வெயில் காலத்தில் வெள்ளரி, தர்பூசணி, நுங்கு. சென்னை மே மாதத்தில் பெரியவர்களுக்கே சோறு இறங்காது, பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. பிஸ்கட்டும் முறுக்கும் ஊரை விட்டே போக வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அதே நாலரை மணிக்கு, தட்டில், மற்றவற்றோடு சேர்ந்து வரட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் எதையும் நாலு வயதுக்கு முன் கொடுக்காதீர்கள். மூச்சுக் குழாயில் சிக்கும். ஓடிக்கொண்டே தின்பதும் அப்படித்தான்.

பால் தனிக் கதை. "சாப்பிடலைன்னா பரவாயில்லை, பாலாவது குடிக்கட்டும்" என்பது அன்பான தவறு. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பசியை அடைப்பதோடு, பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதால் ரத்த சோகைக்கும் வழி விடும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. எல்லாவற்றுக்கும் பால்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புட்டிப் பாலோடு அலையும் மூன்று வயதுப் பிள்ளைகளை எங்கள் குடியிருப்பிலேயே நாலு பேரைக் காட்டுவேன்.

தட்டும் ஈர மாவும்

சாப்பாட்டுத் தட்டில் பிள்ளை நிச்சயம் தின்னும் பொருள் ஒன்று இருக்க வேண்டும். தயிர் சாதமோ, அப்பளமோ, வெறும் பருப்போ. பக்கத்தில் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் காயும் கீரையும் துளித் துளி. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மூன்று வயதுக்கு ஒவ்வொன்றிலும் மூன்று மேசைக்கரண்டி. புது உணவென்றால் அதைவிடக் குறைவு, ஒரு நெல்லிக்காய் அளவு. குவித்து வைத்தால் பார்த்ததுமே வயிறு நிறைந்துவிடும்.

அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாம்.

ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள அதைப் பத்துப் பதினைந்து முறை பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் மூன்றாவது முறை "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். எங்கள் வீட்டில் பீட்ரூட்டுக்கு இது நடந்தது. முதல் சில முறை தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். பிறகு ஒரு நாள் விரலால் தொட்டு, சாதத்தில் சிவப்புக் கோடு போட்டான். பிறகு ஒரு நாள் நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். நான் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதிமூன்றாவது கோட்டில் இரண்டு துண்டு உள்ளே போனது. முருங்கைக் கீரை உருவுவதற்கு உட்கார வைத்தால் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் குறையும். கையால் தொட்ட பொருள் பாதி பழகிய பொருள்.

இங்கே நம் ஊருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஃபிரிட்ஜில் இருக்கும் ஈர மாவு. சென்னையில் எந்த வீட்டிலும் ஒரு பாக்கெட் மாவாவது எப்போதும் இருக்கும். பிள்ளை தட்டைத் தள்ளியதும் நம் வாயில் தானாக வருவது, "சரி, ஒரு தோசை சுடட்டுமா?" மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷத்தில் பிள்ளை கற்றுக்கொள்வதை மாற்ற மூன்று மாதம் ஆகும். ஆகவே விதி: எல்லோருக்கும் தோசை என்றால் அவனுக்கும் தோசை. எல்லோருக்கும் ரசம் சாதம் என்றால் தோசைக்கல் அடுப்பில் ஏறாது.

இருபது, முப்பது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். போன் வேண்டாம். வீடியோவில் மூழ்கிய பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, வாயில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. வேறு பிள்ளைகளோடு உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் தின்னும் பிள்ளை, வீட்டில் அதையே மறுப்பதைப் பல அம்மாக்கள் ஆச்சரியமாகச் சொல்வார்கள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவன் தின்கிறான், டீச்சர் கெஞ்சவில்லை.

முதல் மூன்று நாள் மோசமாக இருக்கும். முதல் ராத்திரி இரண்டு வாய் தயிர் சாதத்தோடு எழுந்துவிட்டான். என் மாமியார் கண்ணில் தண்ணீர்.

"பச்சப் புள்ளய வெறும் வயித்தோட படுக்கப் போடுறியே, உனக்கே நல்லாருக்காம்மா?"

"தட்டுல எல்லாம் இருந்துச்சு அத்தை. அவனுக்கு வேணாம்னு எந்திரிச்சுட்டான். காலைல பாப்போம்."

காலையில் எழுப்பாமலே எழுந்து, மூன்று இட்லி. மூன்றாவதை மாமியாரே ஆசையாகப் பிட்டு வைத்தார். தாத்தாவின் பெட்டிக்கடைப் பழக்கத்தைத் தடுக்கவில்லை, வேலையை மாற்றினோம். நாலரை மணித் தீனியை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு இப்போது அவருடையது. பழம் வாங்கப் பேரனையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகிறார். பெரியவர்களுக்கு வேண்டியது கொடுக்கும் சந்தோஷம். அது பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் வைத்தியம் கிடையாது. எடை குறைகிறது, அல்லது ஆறு மாதமாக ஏறவே இல்லை. விழுங்க வலிக்கிறது, அடிக்கடி வாந்தி. மொத்தமே பத்து, பதினைந்து பொருள்தான் தின்கிறது, அதிலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. கொழகொழப்பான எதைத் தொட்டாலும் குமட்டுகிறது, பேச்சும் தாமதம் என்றால் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மண், சாக்பீஸ், பச்சரிசி, சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பிள்ளைக்கு அடி கொடுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிட வேண்டாம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: மலச்சிக்கல். மூன்று நாளாக வெளியே போகாத பிள்ளைக்கு உள்ளே இறங்காது. பாலும் மைதாவும் குறைந்து, பழமும் தண்ணீரும் கூடினால் பசி தானாக வருவதைப் பார்க்கலாம்.

காய்ச்சல் வந்தால் இந்த மணிக்கணக்கு எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிடுங்கள். கஞ்சியோ, இளநீரோ, கேட்டபோது கேட்டது. தேறிய பிறகு ஒரு வாரம் பேய்ப் பசி பசிக்கும், தாராளமாகக் கொடுங்கள். ஊருக்குப் போகும்போதும் அப்படித்தான். போன பொங்கலுக்கு நாலு நாள் ஊரில் இருந்தோம். கரும்பும் அதிரசமும் மடி நிறைய, சோறு ஒரு பருக்கை இல்லை. எழும்பூரில் வந்து இறங்கிய அன்றே மறுபடி முகம் கழுவினதும் தீனி, சீரியலுக்குச் சோறு. சரிக்கு வர மூன்று நாள் ஆனது.